செபமாலையம்மாளின் பத்து விரல்கள்

பொம்மை வண்டிக்கு டீசல் ஏது? ஆனாலும் ஆஸ்பத்திரியின் அந்தக் குளிர் அறைக்குள் நுழைந்ததுமே டீசல் வாடை அடித்தது. தரை துடைத்த மருந்தின் நெடிக்கு அடியில், ஏற்றத்தில் திணறும் ஜீப்பின் புகைபோல மெல்ல எழும்பி வந்து செபமாலையம்மாளின் தொண்டையில் படிந்தது.

கணவன் இறந்தபின் பதினேழு வருஷம் சூரியநெல்லி எஸ்டேட் ஆட்களை ஜீப்பில் ஏற்றி இறக்கியவள் அவள். மார்பில் புற்று வந்தது. அறுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள், பிழைத்தாள். அதன்பிறகு பெயர்கள் மறந்தன. ஒருநாள் போகும் வழியே மறந்தது. இன்று இந்தப் பொம்மை வண்டியில் உட்கார்ந்து, திரையில் ஓடும் சாலையில் பிசகாமல் ஓட்டிக் காட்டினால்தான், இனியும் ஜீப் ஓட்டலாம் என்று டாக்டர் கையெழுத்துப் போடுவார். இல்லாவிட்டால் ஜீப் சாவி கொழுந்தன் ஜோபியின் கைக்குப் போய்விடும்.

"பயமா இருக்கா பெரியம்மா?" என்றாள் சோதனை நடத்தும் டின்டு.

"மழையில பூப்பாறை எறக்கம் எறங்குனவ நான். ஒன் சினிமாவப் போடு பிள்ள."

ஸ்டீரிங் வெதுவெதுப்பாக இருந்தது, யாரோ இப்போதுதான் கையை எடுத்ததுபோல. திரையில் மூடுபனி. வளைவுக்குப் பின் வளைவு. முதுகுக்குப் பின்னால் மூச்சுச் சத்தம். அவள் திரும்பவில்லை.

"முடிஞ்சுது. ஒரு தப்பு இல்ல, முழு மார்க்கு" என்ற டின்டுவின் முகம் வெளுத்திருந்தது. அறையின் கேமரா பதிவைத் திருப்பிக் காட்டினாள்.

படத்தில் செபமாலையம்மாளின் கைகள் இரண்டும் மடியில் கிடந்தன. கண்கள் திறந்தபடி. ஸ்டீரிங் மட்டும் இடம், வலம் என்று திரும்பிக்கொண்டிருந்தது. பதினைந்து நிமிஷமும்.

"இத அழிச்சிரட்டா பெரியம்மா? மார்க்கு ஒங்க பேர்லதான விழுந்திருக்கு. யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியுமே. நான் ஓட்டாத மார்க்கு எனக்கெதுக்கு? எங்க குடும்பத்துல அடுத்தவன் ஓட்டி எவளும் பேர் வாங்கல. மறுபடி போடு."

"வேண்டாம் பெரியம்மா…"

"போடுன்னேன்."

முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள். நகம் வெளுக்கும்வரை.

முதல் வளைவு வந்தது. வலப்பக்கம் ஒடித்தாள். ஸ்டீரிங் திரும்பவில்லை.

"என் வண்டி. எறங்கு" என்றாள், பல்லைக் கடித்தபடி.

கைகளின்மேல் ஈரமாக ஏதோ படர்ந்தது. குளிர்ந்த விரல்கள். அவசரமே இல்லை அவற்றுக்கு. அவள் பிடியைப் பிரிக்கத் தொடங்கின.

முதலில் சுண்டுவிரல்.