படிக்கட்டு காலியாகும் வரை

செவ்வாய்க்கிழமை காலை காபியை ஊற்றிக்கொண்டு இங்கேலா கைப்பேசியைத் திறந்தபோது, வழக்கமாக அவள் படம் சிரிக்கும் இடத்தில் ஒரே ஒரு வரி இருந்தது. 'உங்கள் கணக்கு நிறுத்திவைக்கப்பட்டுள்ளது.' ஏன், எதற்கு, எத்தனை நாளைக்கு, ஒன்றும் கிடையாது. தினமும் காபிக் கோப்பையையும் ஜன்னலுக்கு வெளியே நிற்கும் பிர்ச் மரத்தையும் படம் எடுத்துப் போடும் அறுபத்திரண்டு வயதுப் பெண்மணி அப்படி என்ன குற்றம் செய்துவிட முடியும்?

வேறு சமயமாக இருந்தால் சனியன் ஒழிந்தது என்று விட்டிருப்பாள். இப்போது விட முடியாது. ஆறு வருஷமாகப் பேசாத மகள் எல்வீரா, வெள்ளிக்கிழமை அந்தக் கணக்குக்குத்தான் எழுதியிருந்தாள். 'அம்மா, ஹார்னோசாண்டில் இன்னும் அதே வீடுதானா? அடுத்த ஞாயிறு நாலு மணிக்கு வரட்டுமா?' மகளின் தொலைபேசி எண்ணும் இவளிடம் இல்லை, முகவரியும் இல்லை. நான்கு நாளாகப் பதிலை எழுதி எழுதி அழித்த இங்கேலா, திங்களன்று ஒருவழியாக 'வா. இந்த முறை கதவு திறந்தே இருக்கும்' என்று அடித்தாள். காலையில் இன்னொரு தரம் படித்துவிட்டு அனுப்பலாம் என்று வைத்துவிட்டுத் தூங்கப் போனாள்.

முந்தைய முறை கதவு திறக்கவில்லை. எல்வீரா வீங்கிய கண்ணோடு, காலில் ஒரு செருப்போடு வந்து மணியை அடித்தாள். கதவுத் துளையில் கண்ணை வைத்த இங்கேலாவுக்கு மகளும் தெரிந்தாள், மாடியிலிருந்து இறங்கிவரும் மேல்வீட்டுக் கிழவர் பெர்த்திலும் தெரிந்தார். அந்தக் கட்டடத்தில் படிக்கட்டில் ஆள் இருக்கும்போது யாரும் கதவைத் திறப்பதில்லை. காலடிச் சத்தம் ஓயும் வரை துளை வழியே பார்த்துக் காத்திருந்து, அப்புறம்தான் வெளியே தலை நீட்டுவார்கள். ஊரே அப்படித்தான். அதற்கு நாகரிகம் என்று பெயர் வேறு. கிழவர் போய்த் தொலையட்டும் என்று காத்திருந்தாள். அவர் போனபோது எல்வீராவும் போயிருந்தாள்.

முறையீடு செய்ய ஒரு பக்கம் இருந்தது. முகத்தைக் காட்டச் சொன்னது. இடப்பக்கம் திரும்பவும். வலப்பக்கம் திரும்பவும். சிரிக்கவும். சிரித்தாள். 'பொருந்தவில்லை.' விளக்கடியில் உட்கார்ந்து சிரித்தாள். பல் தெரியச் சிரித்தாள். தலையைச் சீவிக்கொண்டு வந்து, கன்னம் வலிக்க வலிக்கச் சிரித்தாள். 'பொருந்தவில்லை.' வியாழக்கிழமை பதில் வந்தது: 'உங்கள் முறையீடு முடிக்கப்பட்டது. கணக்கு அதன் உரிமையாளரிடம் ஒப்படைக்கப்பட்டது.'

அவசரமாக நூலகத்துக்குப் போய் அங்கிருந்த கணினியில் தன் பக்கத்தைத் தேடினாள். பக்கம் இருந்தது. அன்று காலை போட்ட புதுப் படமும் இருந்தது. அவளுடைய நீலக்கோடு போட்ட கோப்பைதான், காதில் அதே சின்ன உடைசல். ஆனால் பின்னால் பிர்ச் மரம் இல்லை. குப்பைத் தொட்டிகள் நிற்கும் பின்முற்றம் இருந்தது. அந்த முற்றம் அவள் வீட்டிலிருந்து தெரியாது. அதே மாடியில் இருக்கும் எதிர்வீட்டுச் சமையலறையிலிருந்துதான் தெரியும், எதிர்வீடோ வசந்தகாலத்திலிருந்து பூட்டிக் கிடந்தது.

வீட்டுக்கு ஓடிவந்து அலமாரியைத் திறந்தாள். கோப்பை தன் இடத்தில் இருந்தது. ஈரமாக இருந்தது.

அன்று பிற்பகல் கட்டடத்துப் பொதுச் சலவை அறையில் அவளுக்குத் துவைக்கும் முறை. நிலவறையில், சோப்பும் சூடான தூசியும் மணக்கும் அந்த அறையில், பெர்த்தில் போர்வை மடித்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா இங்கேலா, மறுபடியுமா? காலையிலதானே ரெண்டு மிஷின் ஓட்டிட்டுப் போன?"

"நானா? நான் இப்பதான் வர்றேன்."

"ஆமா, பேய் வந்து துவைச்சிட்டுப் போச்சு." கிழவர் சிரித்தார். "இருபது வருஷத்துல இன்னிக்குத்தான் நின்னு என் முட்டிவலியப் பத்திக் கேட்ட. ஞாயித்துக்கிழமை பொண்ணு வர்றான்னு சொல்லி அப்படிச் சிரிச்ச. எனக்கே மனசு நெறஞ்சு போச்சு."

எல்வீரா வருவதை இங்கேலா ஒருவரிடமும் சொல்லவில்லை. "பெர்த்தில், அது நானில்ல. நல்லா யோசிச்சுப் பாருங்க."

கிழவர் கொஞ்ச நேரம் அவளை உற்றுப் பார்த்தார். "காலையில இருந்த மூஞ்சியே இருக்கட்டும்மா," என்றார். "இது நல்லால்ல."

மேலே ஏறி வந்தபோது எதிர்க்கதவின் தபால் துளைக்கு மேல் பெயர் மாறியிருந்தது. வெள்ளை எழுத்து. இ. நோர்டின். அவள் பெயர்தான். மணியை அடித்து, யாரடி நீ என்று கேட்டிருக்க வேண்டும். வேறு ஊர்க்காரியாக இருந்தால் கேட்டிருப்பாள். இங்கேலா வீட்டுக்குள் போய், அந்தக் கட்டடத்தில் சண்டை போடுகிற ஒரே வழிப்படி, ஒரு சீட்டு எழுதினாள். 'தயவுசெய்து என் பெயரை உங்கள் கதவிலிருந்து எடுத்துவிடவும். அன்புடன், இங்கேலா, எதிர்வீடு.' படிக்கட்டு காலியானதும் பூனைநடை நடந்து தபால் துளையில் போட்டுவிட்டு வந்தாள்.

காலையில் அவள் கதவுக்குள் ஒரு சீட்டு கிடந்தது. அதே கோடு போட்ட தாள், அதே சாய்ந்த கையெழுத்து. 'தயவுசெய்து என் பெயரை உங்கள் கதவிலிருந்து எடுத்துவிடவும். அன்புடன், இங்கேலா, எதிர்வீடு.'

போலீசுக்குச் சொல்லலாம். என்னவென்று சொல்வது? அடையாள அட்டையைக் கேட்பார்கள். அவள் அட்டையை எடுத்துப் பார்த்தாள். படத்தில் இருந்தவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தப் படம் எடுத்த அன்று சிரித்ததாக அவளுக்கு நினைவில்லை.

சனிக்கிழமை முழுவதும் அறையில் உட்கார்ந்து சத்தங்களைக் கேட்டாள். எதிர்வீட்டில் நாற்காலி நகரும் சத்தம், குழாய் திறக்கும் சத்தம், பிறகு வறட்டு இருமல். ஒருமுறை, நிறுத்தி இன்னும் இருமுறை. அது அவள் இருமும் விதம். மதியம் ஏலக்காய் ரொட்டி வேகும் வாசனை கதவிடுக்கு வழியாக நுழைந்து, நடைவழியில் தொங்கிய கோட்டுகளில் படிந்து, தலையணை வரை வந்தது. ஏலக்காய் ஒரு பங்குக்கு இரண்டு பங்கு, எல்வீராவுக்குப் பிடித்த மாதிரி.

ஞாயிறு. குளிர்காலம், மூன்று மணிக்கே இருட்டிவிட்டது. எழுதியதைத்தான் அனுப்ப முடியவில்லை, செய்தாவது காட்டுவோம் என்று மூன்றரைக்குக் கதவைத் திறந்து வைத்தாள். மேல்மாடியில் ஒரு பூட்டு சத்தம் கேட்டது. மூடிவிட்டாள். மறுபடி திறந்தாள். யாரோ இருமினார்கள். மூடிவிட்டாள்.

நாலு மணி. கீழ்க்கதவு திறந்தது. சற்று நேரத்தில் தானே அணைந்துவிடும் படிக்கட்டு விளக்கு எரிந்தது. மெதுவாக ஏறிவரும் காலடி. துளையில் கண்ணை வைத்தாள்.

எல்வீரா. தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். கையில் பூ. இங்கேலாவின் விரல் பூட்டில் இருந்தது. திற. திறடி.

பெர்த்தில் குப்பைப் பையோடு இறங்கி வந்தார்.

விரல் நின்றது. ஒரு மூச்சு. இரண்டு மூச்சு. பழக்கம், வேறொன்றுமில்லை.

"அட, எல்வீராவா? போம்மா, உங்கம்மா காத்துட்டு இருக்கா," என்றார் கிழவர். எதிர்க்கதவைக் காட்டினார். அது அதற்குள் திறந்திருந்தது. உள்ளே மஞ்சள் வெளிச்சம். இரண்டு கைகள் நீண்டு மகளை அணைத்தன. இடது கையில் இங்கேலாவின் கடிகாரம்.

"வாடி கண்ணு. இந்த முறை திறந்தே வெச்சிருந்தேன் பாரு."

எல்வீரா வாய்விட்டு அழுதாள். மகளின் தோளுக்கு மேல் ஒரு முகம் எழுந்து, நேராக இங்கேலாவின் துளையைப் பார்த்தது. சிரித்தது. கதவு சாத்திக்கொண்டது.

பெர்த்திலின் காலடி ஓய்ந்தது. படிக்கட்டு காலி. அப்போதுதான் இங்கேலாவால் வெளியே வர முடிந்தது. பின்னால் அவள் கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. திரும்பிப் பார்த்தாள். தபால் துளைக்கு மேல் பெயர் இல்லை.

எதிர்வீட்டு மணியை அடித்தாள். அடித்தாள். கையால் குத்தினாள். உள்ளே பேச்சு நின்றது.

"எல்வீரா! நான்தாண்டி! அம்மா!"

"யாரும்மா அது?" மகளின் குரல், கதவுக்கு மிக அருகில். "அழறாங்க."

"தெரியலையே. நீ வேணா பாரு."

துளையின் வெளிச்சம் மறைந்தது. கண். தன் மகளின் கண்.

இங்கேலா துளைக்கு நேராக நின்றாள். முகத்தை இடப்பக்கம் திருப்பினாள். வலப்பக்கம் திருப்பினாள். சிரித்தாள்.

கண் நகரவில்லை. பார்த்தது. நிதானமாகப் பார்த்தது.

"இல்லம்மா," என்றாள் எல்வீரா. "எனக்குத் தெரியாதவங்க."

"பாவம். நாம பாக்குறது அவங்களுக்கு வெட்கமா இருக்கும். போகட்டும். போனப்புறம் திறக்கலாம்."

விளக்கு அணைந்தது. இருட்டில் தடவிப் பொத்தானை அழுத்தினாள். இடப்பக்கம். வலப்பக்கம். கன்னம் வலிக்க, பல் தெரிய. விளக்கு அணைந்தது. அழுத்தினாள். கண் அங்கேயே இருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் மூச்சை அடக்கிக்கொண்டு, படிக்கட்டு காலியாகக் காத்திருந்தார்கள்.