தகவலாளர் பட்டியல்

அந்தப் பெயர் கணினியில் கிடைத்திருக்கக் கூடாது.

அபிநயா இன்னொரு முறை தட்டிப் பார்த்தாள். முத்தாயம்மாள், பள்ளிபாளையம், சாயப்பட்டறை. தகவலாளர் பெயர்களையும் பதிந்துவைத்திருந்த நூலகக் கணினி கொஞ்ச நேரம் முனகிவிட்டு மறுபடியும் அதே இரண்டு வரிகளைக் காட்டியது. இரண்டு முதுகலை ஆய்வேடுகள். ஒன்று 2004இல், மற்றொன்று 2013இல், இரண்டும் இதே கல்லூரியில் எழுதப்பட்டவை. மூன்று வாரத்துக்கு முன்பு விடுதிக் கட்டிலில் குப்புறப் படுத்து, மிக்சர் கொறித்துக்கொண்டே அவள் உண்டாக்கிய பெயர் அது. அப்படி ஒரு கிழவி எங்கும் இல்லை.

அவளுடைய ஆய்வு சாயப்பட்டறைப் பெண்களின் வழக்கங்களைப் பற்றியது. பத்துப் பேரை நேரில் கண்டு பேசி, பெயர், வயது, தொழில், ஊர் என்று கடைசிப் பக்கத்தில் தகவலாளர் பட்டியல் சேர்க்க வேண்டும். ஒன்பது பேர் கிடைத்தார்கள். பத்தாவது ஆளை, நிறையப் பேர் செய்வதுபோல, அவளும் இட்டுக்கட்டினாள். வயது அறுபத்தெட்டு என்று போட்டாள். அதோடு விட்டிருக்கலாம். கிழவியின் வாயில் ஒரு வழக்கத்தையும் வைத்தாள்: பட்டறையில் வேலை செய்யும் பெண் ஒருத்தி செத்துப்போனால், மதியச் சாப்பாட்டின்போது மற்றவர்கள் அவளுக்கு மூன்று நாள் இடம் விட்டு உட்காருவார்கள்; மூன்றாம் நாள் முடிவதற்குள் புதிதாக ஒருத்தி வந்து அங்கே உட்கார்ந்தாக வேண்டும். எழுதி முடித்தபோது அவளுக்கே அது பிடித்திருந்தது.

வழிகாட்டி சாரதாமணி மேடத்துக்கும் பிடித்துவிட்டது. அதுதான் வினை.

"அருமையான தகவல்ம்மா இது. ஆனா ஒத்தச் சான்றை வெச்சுட்டு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?" என்று காலையில் கேட்டார். "வேற யாராச்சும் எழுதியிருக்காங்களான்னு லைப்ரரில தேடு. ஒருத்தரப் பாத்து ஒருத்தர் எழுதியிருந்தா அது ரெண்டு சான்று ஆகாது, ஞாபகம் வெச்சுக்க. ஒண்ணும் கிடைக்கலைன்னா நானே அந்தம்மாவ நேர்ல பாத்துக்கறேன்."

போன வருடம் பொய்த் தகவலாளரை எழுதி மாட்டிக்கொண்ட ஒருவனின் ஆய்வேட்டைத் துறை நிராகரித்தது. அவனுக்கு ஒரு வருடம் போயிற்று. அபிநயாவுக்கு அப்படிப் போனால், குமாரபாளையத்தில் விசைத்தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றும் அம்மா இன்னொரு வருடம் இரண்டு ஷிப்ட் பார்க்க வேண்டும்.

ஆக, இப்போது அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்திருக்க வேண்டும். கேட்டது ஒரு சான்று. கிடைத்தது இரண்டு.

"ஆய்வேடா?" நூலக உதவியாளர் காளியப்பன் அவள் நீட்டிய சீட்டைத் தூரத்தில் பிடித்துப் படித்தார். "ஏன் சாமி, கடைசி நாளு வந்தாத்தான் உங்களுக்கெல்லாம் இங்க வர்றதுக்கு வழி தெரியுமாட்ட இருக்குது?"

"இப்படி ஒரு கட்டடம் இருக்கறதே இன்னிக்குத்தானுங்கண்ணா தெரிஞ்சுது."

"வாய்க்கு ஒண்ணும் கொறச்சலில்ல. கடைசி ரேக்கு, போய்ப் பாரு. நான் டீ குடிச்சுட்டு வாரேன்."

கடைசி அலமாரிக்குப் போகும் வழி முழுக்க ஜன்னல்கள் இருந்தும், மழைக்குக் கூடிய மேகத்தால் மாலை நாலு மணிக்கே அங்கே சாம்பல் நிறம் இறங்கியிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கத்துத் தறிக்கூடத்திலிருந்து வரும் ஓயாத தடதடப்பு இரும்பு அலமாரிகளின் வழியாக அவள் விரல்களுக்கு ஏறியது. பழைய பசையும் நனைந்த அட்டையும் கலந்த நெடிக்குள், தேடத் தேட, இன்னொரு நெடியும் வந்தது, பட்டறைகளில் அவள் முகர்ந்த அதே காரமான சாய நெடி.

இரண்டு ஆய்வேடுகளையும் எடுத்துவந்து அருகிலிருந்த மேசை முன் உட்கார்ந்தாள். 2004ஆம் ஆண்டு ஆய்வேட்டை எழுதியவள் பெயர் வித்யா. யாரும் திறந்ததே இல்லை போல. பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. விரல் நகத்தால் பிரித்தாள். நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தில் அந்த வழக்கம் இருந்தது. மூன்று நாள். விட்ட இடம். புதிதாக வரும் ஒருத்தி. சொன்னவர் முத்தாயம்மாள், அறுபத்தெட்டு.

எப்போதோ இதைப் படித்து மறந்திருப்பேனோ என்று நினைத்தாள். ஒட்டிய பக்கங்களை எப்படிப் படித்திருக்க முடியும்? யார் சொன்னது, எப்போது சொன்னது, நேரில் கேட்டதா என்று மேடம் சொல்லிக்கொடுத்த கேள்விகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. வித்யா நேரில் கேட்டிருக்கிறாள். முன்னுரையில் ஒரு படம்கூட இருந்தது. வெறும் கயிற்றுக் கட்டிலுக்கு அருகில், பூப்போட்ட சுடிதாரில், நோட்டும் பேனாவுமாக வித்யா. கட்டிலில் யாரும் இல்லை. ஆனாலும் நடுவில் கயிறு தொய்ந்து இறங்கியிருந்தது.

2013ஐத் திறந்தாள். எழுதியவன் ஈஸ்வர். வித்யாவைப் பார்த்து இவன் எழுதியிருக்கலாம். அப்படியானால் சான்று ஒன்றுதான். அதைத் தெரிந்துகொள்ளக் கடைசிப் பக்கத்துப் பட்டியலுக்குப் போனாள்.

முத்தாயம்மாள், வயது 68, சாயப்பட்டறை, பள்ளிபாளையம்.

ஒன்பது வருடத்துக்குப் பிறகும் அறுபத்தெட்டு.

அதற்குக் கீழே, வித்யா, வயது 22, சாயப்பட்டறை, பள்ளிபாளையம்.

எதிர்ப்பக்கத்தில் படம். அதே கட்டில். அதே பூப்போட்ட சுடிதார். அதே முகம், ஒரு நாள் வயதுகூடக் கூடாமல். வித்யா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து கேமராவைப் பார்த்தாள். இப்போது அவள் கையில் நோட்டு இல்லை.

தறிச் சத்தம் நின்றது. ஷிப்ட் மாறும் நேரம்தான் என்று அபிநயா தனக்குள் சொல்லிக்கொண்டாள். சாரதாமணி மேடத்தைப் போனில் கூப்பிட்டாள்.

"மேடம், சான்று கிடைச்சிருச்சுங்க."

"அட, உனக்கு நூறு ஆயுசு! இப்பத்தான் உன்னப் பத்திப் பேசிட்டிருக்கோம். அங்க எதுக்கும்மா தேடிட்டிருக்க? மத்தியானம் கிளாஸ் இல்ல, அதான் நேர்லயே வந்துட்டேன்."

"எங்கேங்க மேடம்?"

"பள்ளிபாளையம். அந்தம்மா ஊட்டுலதான் இருக்கேன். வழி தெரியாம நின்னேன், ஒரு தம்பி வந்து கூட்டிட்டுப் போனான். நம்ம காலேஜுதானாம்." குரல் போனிலிருந்து சற்று விலகியது. "உன் பேரென்ன சாமி? ஆங், ஈஸ்வர்."

அபிநயா எழுந்து நின்றாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"நல்ல மனுசி அபிநயா. நீ எழுதுனது எழுத்துக்கு எழுத்து உண்மை. திங்கக்கிழமை கையெழுத்து வாங்கிக்க. சந்தேகமே இல்ல, முதல் வகுப்புதான்."

அவ்வளவுதான். வேறென்ன வேண்டும்? சரிங்க மேடம் என்றால் போதும். அம்மாவுக்கு இரண்டாம் ஷிப்ட் இல்லை.

"மேடம், அங்கிருந்து வெளிய வாங்க."

"என்னம்மா?"

"அப்படி யாரும் இல்லைங்க மேடம். நான் பொய் எழுதிட்டேன். முத்தாயம்மாள்னு ஒருத்தர நான் பாக்கவே இல்ல. நானா வெச்ச பேருங்க அது. தயவுசெஞ்சு எந்திரிச்சு வாங்க."

கயிற்றுக் கட்டில் கிறீச்சிடும் சத்தம் கேட்டது. யாரோ நகர்ந்து இடம் கொடுக்கிறார்கள். யாரோ உட்காருகிறார்கள்.

"மேடம்?"

தாளில் பேனா உரசியது. இளம்பெண் ஒருத்தியின் குரல், மிகவும் மரியாதையாக, "உங்க பேருங்க?" என்று கேட்டது.

"சாரதாமணி." மேடத்தின் குரல்தான். ஏற்ற இறக்கம் இல்லை.

"வயசுங்க?"

"நாப்பத்தேழு."

"தொழிலுங்க?"

"சாயப்பட்டறைங்க."

"எத்தன வருசமாங்க?"

"அது தெரியலீங்க."

அபிநயா அணைக்கும் பொத்தானை அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். திரையில் வினாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. போனை மேசையில் கவிழ்த்தாள். சத்தம் குறையவில்லை. நூலகத்தில் யாரும் இல்லை. காளியப்பன் வரவில்லை. ஜன்னலில் முதல் துளிகள்.

ஒரு தாள் புரண்டது.

"அடுத்து, உங்க பேருங்க?"

பேனா காத்திருந்தது.

அபிநயா உதடுகளை இறுக்கி மூடினாள். ஒரு கையால் வாயைப் பொத்தினாள். அதன்மேல் இன்னொரு கை. பற்கள் உள்ளங்கையில் பதியும்வரை அழுத்தினாள்.

கைகளுக்குள், மெதுவாக, அவள் உதடுகள் அசையத் தொடங்கின.