லீவு பாரத்தில் ஒரு கட்டம்

கம்பெனிக்குச் சிக்கனம் பிடித்துக்கொண்டால் முதலில் மூட்டை கட்டுவது கணக்குப் பிரிவுதான். சுங்கைப்பட்டாணியில் இருந்த குளுகுளு ஆபீசை அக்டோபரில் காலி செய்துவிட்டு, காஞ்சனாவை ஒரு கணினியோடும் பதினேழு பெட்டிகளோடும் தோட்டத்து ஆபீசுக்கு அனுப்பிவைத்தார்கள். பாடாங் செராயிலிருந்து எட்டு கிலோமீட்டர் உள்ளே, செம்பனை மரங்களுக்கு நடுவில் ஒரு பலகைக் கட்டடம். கித்தா என்கிற ரப்பர் மரக் காலத்தில் கட்டியது. கித்தா போய்ச் செம்பனை வந்தும் யாரும் அதற்கு ஒரு கை சாயம் அடிக்கவில்லை. மற்ற ஆட்களெல்லாம் அரை மைல் தள்ளி ஆலையில் இருந்தார்கள். இங்கே அவளும், கூட்டிப் பெருக்கிக் கோப்பித் தண்ணீர் கலக்கும் அழகம்மாவும்தான்.

அவள் வந்த அன்று நல்ல மழை. அறைக்குள் பகல் பத்து மணிக்கே விளக்குப் போட வேண்டியிருந்தது. ஈரப் பலகை வாசம். அதற்கு அடியில் இன்னொரு வாசம், நெஞ்சுக்குத் தேய்க்கும் தைலம் போல.

"அக்கா, யாரு தைலம் தேச்சிருக்கிறது?"

"எனக்கு அந்தப் பழக்கமெல்லாம் இல்ல கிராணியம்மா" என்று, தோட்டத்துக் குமாஸ்தாக்களை அழைக்கும் பெயரிலேயே அவளை அழைத்து, அழகம்மா கோப்பி ஓ கிளாசை மேசை மூலையில் வைத்தார். பால் விடாத கோப்பி. கருகருவென்று ஆவி பறந்தது.

"நான் கோப்பி குடிக்க மாட்டேன்கா. மைலோ இருந்தாப் போதும்."

அழகம்மா கிளாசை எடுக்கும்போது எதிரே இருந்த மர நாற்காலியை ஒரு பார்வை பார்த்தார். அதற்குப் பிறகு சாக்லேட் மணக்கும் மைலோதான் வந்தது.

காஞ்சனாவுக்கு முப்பத்து நான்கு வயது. பதினோரு வருட சர்வீஸ். மாத அறிக்கை, வருட முடிப்பு, ஆடிட்டரின் நச்சரிப்பு எல்லாம் அவள் தலையில். அறிக்கையின் அடியில் கையெழுத்து மட்டும் நிதி மேலாளர் மனோகரனுடையது. பினாங்கு ஆபீசில் இருப்பவர். புதன்கிழமை புதன்கிழமை காடி ஓட்டிக்கொண்டு வந்து, ட்ரேயில் இருக்கும் தாள்களை நின்றபடியே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். நோகாமல் நுங்கு தின்பது ஒரு கலை. அது அவருக்குக் கைவந்திருந்தது.

அவர் பெயருக்குப் பின்னால் நான்கு எழுத்துக் கணக்காளர் பட்டம் இருந்தது. காஞ்சனாவுக்கு இல்லை. பதின்மூன்று தாள்களில் பன்னிரண்டு முடித்துவிட்டாள். கடைசித் தாளுக்கான தேர்வு டிசம்பர் முதல் வாரம் வரும். கம்பெனியின் வருட முடிப்பும் அதே வாரம்தான். போன வருடம் லீவு கேட்டாள், கிடைக்கவில்லை. அதற்கு முந்திய வருடமும் அதே கதை. இந்த டிசம்பரோடு அவளுக்குக் கொடுத்த ஏழு வருடக் கெடு முடிகிறது. இப்போதும் எழுதாவிட்டால் பழைய தாள்கள் ஒவ்வொன்றாகச் செல்லாமல் போகும். ராத்திரி ராத்திரியாகக் கண்விழித்துப் படித்ததெல்லாம் விழலுக்கு இறைத்த நீர்.

நவம்பர் கடைசியில், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், அவள் போன் செய்தாள்.

"மூணு நாள் போதும் பாஸ். முடிப்பு வேலைய வந்து ராத்திரியோட ராத்திரியா முடிச்சிருவேன்."

"யாரு பாத்துக்குவா?" என்றார் மனோகரன். "லீவு போராங்ல ரிலீஃப் பேரு போடணும் தெரியும்தானே. பேரு போட்டுக் கொண்டா, நான் சைன் பண்றேன் லா. ஆளே இல்லாம எப்படி?"

போனை வைத்ததும் அவளுக்கு அழுகை வந்தது. ஆள் போடாதவனே ஆள் எங்கே என்று கேட்கிறான். நீ லீவில் இருக்கும்போது உன் வேலையைப் பார்த்துக்கொள்பவர் பெயர், கையெழுத்து என்று பாரத்தில் ஒரு சின்னக் கட்டம். பதினோரு வருடமாக அந்தக் கட்டத்துக்கு எழுத அவளுக்கு ஒரு பெயர் கிடைக்கவில்லை.

பாரம் தேடி இரும்பு அலமாரியைக் குடைந்தாள். பழைய கோப்பு ஒன்றின் மேலேயே இருந்தது ஒரு பாரம், மஞ்சள் பூத்து, ஓரம் பூச்சி அரித்து. நிமிர்ந்த சின்ன எழுத்து. பெயர் பரஞ்சோதி, தலைமைக் கிராணி. வருடம் 2003. மூன்று நாள். காரணம்: நெஞ்சு வலி, பினாங்கு டாக்டர் வரச் சொல்லியிருக்கிறார்.

ரிலீஃப் கட்டம் காலி.

குறுக்கே யாரோ எழுதியிருந்தார்கள்: ஆள் இல்லை, அனுமதி இல்லை.

மைலோ கொண்டுவந்த அழகம்மா, பாரத்தைப் பார்த்ததும் கிளாசை மெதுவாக வைத்தார்.

"இந்த நாற்காலிலதான் கிராணியம்மா" என்றார், எதிரே இருந்த மர நாற்காலியைக் காட்டி. "லீவு கிடையாதுன்னு சொன்ன மறுநாளு. மாச முடிப்பு. நான் கோப்பி கொண்டாந்து வெச்சேன், பேசல. கணக்குக்கு அடியில செவப்பு மையில ரெண்டு கோடு போட்டு முடிச்சிருந்தாரு. பேனாவ மூடி வெச்சுட்டுத்தான் செத்திருக்காரு மனுசன்."

காஞ்சனா தன் தாள்களைத் திரும்பிப் பார்த்தாள். இந்த ஒரு மாதமாக அவளுடைய தாள்களில், கூட்டுத் தொகைகளுக்கு அடியில், சிவப்பு மையில் இரட்டைக் கோடு இருந்தது. ஆடிட்டர் பையன்களின் வேலை என்று நினைத்திருந்தாள். அவளிடம் சிவப்புப் பேனா கிடையாது.

அழகம்மா போனார். பிறகு பயத்தை மீறிக்கொண்டு கோபம் வந்தது. யார் மேல் என்று இல்லை, எல்லார் மேலும். புதுப் பாரம் ஒன்றை எடுத்து நிரப்பினாள். மனோகரன் எதையும் படிப்பதில்லை, பார்க்கலாம் என்று, அந்தக் கட்டத்தில் எழுதினாள்.

பரஞ்சோதி.

மறுநாள் மனோகரன் வந்தார். ஒரு காதில் போன், ஒரு கையில் நீலப் பேனா. வழக்கம்போல நின்றபடியே தாள்களைப் புரட்டிக் கையெழுத்துப் போட்டார். அவர் வாசல் தாண்டும்போது காஞ்சனா பாரத்தை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள்.

"பாஸ், இதப் பாத்துத்தான் சைன் பண்ணீங்களா?"

"ரிலீஃப் பேரு இருக்கா?"

"இருக்கு."

"அப்புறம் என்னா? போ லா."

காடி செம்மண் பாதையில் திரும்பி மறைந்தது. அப்போதுதான் அவள் பாரத்தைச் சரியாகப் பார்த்தாள். அனுமதிக்கும் இடத்தில் மனோகரனின் நீலக் கிறுக்கல். ரிலீஃப் கட்டத்தில், அவள் எழுதிய பெயருக்குப் பக்கத்தில், ஒரு கையெழுத்து. நிமிர்ந்த சின்ன எழுத்து. சிவப்பு மை.

தொட்டுப் பார்த்தாள்.

விரலில் ஒட்டியது.

அன்றைக்கே ஓடியிருக்க வேண்டும். ஆனால் தேர்வு அடுத்த திங்கட்கிழமை. பயந்தால் ஏழு வருடம் போகும். பேய் பிடித்தாலும் பரவாயில்லை, இந்தத் தாள் கையை விட்டுப் போகக் கூடாது என்று நினைத்தாள். அறைக்குள் யாரும் இல்லாத அந்த நாற்காலியைப் பார்த்து, "பாத்துக்குங்க ஐயா" என்று மெல்லச் சொன்னாள். சொன்ன பிறகு தன் குரலே அவளுக்குப் பிடிக்கவில்லை.

மூன்று நாள் போனாள். எழுதினாள். போன் ஒருமுறைகூட அடிக்கவில்லை. பதினோரு வருடத்தில் அப்படி ஒரு அமைதியை அவள் கண்டதில்லை.

வியாழக்கிழமை திரும்பி வந்தபோது வருட முடிப்புக் கோப்பு மேசை மேல் தயாராக இருந்தது. எண்பத்தாறு பக்கம். ஒவ்வொரு தொகைக்கும் அடியில் சிவப்பு இரட்டைக் கோடு. அவள் மட்டுமே அறிந்த பாஸ்வேர்டில் கணினியிலும் எல்லாம் ஏறியிருந்தது.

அழகம்மா துடைப்பத்தோடு வாசலில் நின்றார்.

"நீங்க லீவுல போனீங்களா கிராணியம்மா? உள்ள ஆள் இருந்த மாதிரி இருந்துச்சே. அளவுகோல மேசையில வெக்கிற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு." குரலைத் தாழ்த்தினார். "மொத நாளு மைலோ வெச்சேன், அப்படியே ஆறிக் கெடந்துச்சு. என்னமோ தோணுச்சு, கோப்பி ஓ கலக்கி வெச்சேன். மூணு நாளும் கிளாசு காலி."

பதினோரு மணிக்கு மனோகரன் போன் செய்தார். "ரிப்போர்ட் பாத்தேன் காஞ்சனா. இந்த வருசம்தான் தப்பே இல்லாமப் பண்ணியிருக்கே. ஆமா, நீ என்னமோ லீவு கேட்டியே, எப்பப் போற?"

அவள் போனை வைத்தாள். செத்தவர் செய்த வேலைக்குப் பாராட்டு, உயிரோடு இருக்கும் அவள் இல்லாமல் இருந்த மூன்று நாளை யாரும் கவனிக்கவில்லை. எதற்குச் சிரிப்பது, எதற்கு அழுவது?

ஜனவரி நடுவில், ஒரு மழை மத்தியானம், தேர்வு முடிவு வந்தது.

பாஸ்.

திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அம்மாவுக்குப் போன் செய்தாள். அழகம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். அவர் அவள் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார். திரும்பி வந்து வேலையை விடுவதாக ஒரு கடிதம் அடித்தாள். நான்கே வரி. இவ்வளவு இனிப்பான எதையும் அவள் எழுதியதில்லை. அதன் மேல் முடிவுத் தாளின் நகலையும் வைத்து ட்ரேயில் போடப் போனாள்.

ட்ரேயில் ஏற்கெனவே ஒரு லீவு பாரம் இருந்தது.

தைல வாசம் மூக்கில் ஏறியது.

பெயர்: பரஞ்சோதி. காரணம்: நெஞ்சு வலி, பினாங்கு. அனுமதிக்கும் இடத்தில் மனோகரனின் நீலக் கிறுக்கல், நேற்றுப் புதன்கிழமை போட்டது. மனிதர் வழக்கம்போலப் படித்திருக்கவில்லை. ரிலீஃப் கட்டத்தில் நிமிர்ந்த சின்ன எழுத்தில் அவள் பெயர். கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தது.

காஞ்சனாவுக்குப் பயம் வந்தது நிஜம். ஆனால் அதைவிடப் பெரிதாக வேறொன்று வந்தது. அந்தக் காலிக் கட்டத்தின் வலி அவளுக்குத் தெரியும். ஒரே ஒரு ஆள் கையெழுத்துப் போட்டிருந்தால் இந்த மனுஷர் பினாங்குக்குப் போயிருப்பார், பிழைத்துக்கூட இருப்பார். அவர் அவளுக்காகப் போட்டார். இன்றைக்கு அவளிடம் இல்லாதது என்ன? இந்தப் பட்டத்தோடு இன்னும் ஒரு மாதத்தில் அவள் பினாங்கில் வேறு கம்பெனி நாற்காலியில் இருப்பாள்.

"போயிட்டு வாங்க ஐயா" என்றாள். கையெழுத்துப் போட்டாள்.

பேனாவை மூடும்போதுதான் கண் தேதிக்குப் போனது. பதினோரு வருடமாக அடுத்தவர் தாள்களில் தேதி சரியா, தொகை சரியா என்று தேடித் தேடிப் பிழை பிடித்த கண். இன்றைக்கு மட்டும் கடைசியில் பார்த்தது.

முதல்: இன்றைய தேதி.

வரை:

அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

கையெழுத்தை அடித்துவிடலாம் என்று பேனாவுக்குக் கை நீட்டினாள். கை வரவில்லை. நெஞ்சுக்கு நடுவில் யாரோ பெரிய கோப்பு ஒன்றை வைத்து அழுத்தியது போல இருந்தது. தைல வாசம் மெல்லக் குறைந்தது. அவள் இந்த அறைக்கு வந்த நாளிலிருந்து முதல் தடவையாக அது சுத்தமாக இல்லாமல் போனது.

ஜன்னலுக்கு வெளியே, செம்மண் பாதையில், வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் மழையில் நடந்து போனார். குடையை விரிக்காமல் கக்கத்தில் இடுக்கியிருந்தார். ஒரு கை நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

நான்கு மணிக்கு அழகம்மா வந்தார். "கிராணியம்மா" என்று கூப்பிட்டார். "என்னக்கா" என்றாள் காஞ்சனா. அழகம்மா மறுபடியும் கூப்பிட்டார். பிறகு கிட்டே வந்து தோளைத் தொட்டார். தொட்ட கையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

காஞ்சனா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். தன்னைத் தூக்கிக்கொண்டு போனதையும் பார்த்தாள். மறுநாள் அம்மா வந்து கைப்பையையும் முடிவுத் தாளையும் வாங்கிக்கொண்டு போனாள். அம்மாவின் பின்னாலேயே வாசல் வரைக்கும் போக முடிந்தது. அதற்கு மேல் முடியவில்லை.

"நல்ல பிள்ளை. லீவே எடுக்காது" என்று மனோகரன் துக்கத்துக்கு வந்தவர்களிடம் சொன்னாராம். அழகம்மா பெருக்கிக்கொண்டே அதைத் தனக்குத்தானே முணுமுணுத்தபோதுதான் காஞ்சனாவுக்குத் தெரிந்தது. சிரிப்பு வந்தது. சத்தம் வரவில்லை.

மாத முடிவு வந்தது. வேலை இருந்தது, அவள் செய்தாள். வேறு என்ன செய்ய? புதன்கிழமை மனோகரன் வந்து, நின்றபடியே அறிக்கையில் கையெழுத்துப் போட்டார். யார் செய்தது என்று கேட்கவில்லை. தலைமையகம் ஆள் அனுப்பியிருக்கும் என்று அவர் நினைத்தார். அவர் ஆள் பார்த்திருப்பார் என்று தலைமையகம் நினைத்தது. வேலை நடக்கிறது, சம்பளம் போகவில்லை. இதைவிடச் சிக்கனம் என்ன இருக்கிறது? அந்த இடத்துக்கு இன்றுவரை விளம்பரம் வரவில்லை.

அழகம்மா மட்டும் ஒருநாள் காலை பத்து மணிக்கு, பழைய ஞாபகத்தில், கோப்பி ஓ கலக்கிக் கொண்டுவந்து மேசை மூலையில் வைத்தார். அது சாயங்காலம் வரை அப்படியே ஆறிக் கிடந்தது. மறுநாளும் வைத்தார். அதுவும் ஆறியது. கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு நாற்காலியையே வெகு நேரம் பார்த்தார். கண் கலங்கியது.

மூன்றாம் நாள் அவர் மைலோ கலக்கிக் கொண்டுவந்து வைத்தார்.

பத்தரைக்கு வந்து பார்த்தபோது கிளாஸ் காலி.