முப்பத்திரண்டாவது ஆள்

நூலகத்திலிருந்து வந்த பெண் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தபோது மணி பதினொன்று. வெளியே வெயில் கண்ணைப் பறித்தது. கூடத்தில் ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. அடைந்து கிடந்த காற்றில் பழைய மரத்தின் வாடை.

பெரும்புயல் அடித்து நாற்பது வருஷம் ஆகிறது. பிழைத்தவர்களின் நினைவுகளை அவர்கள் குரலிலேயே பதிவுசெய்து நூலகத்தில் பத்திரப்படுத்துகிறார்கள். முதல் குரல் தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று வீட்டுப் பெரியவர் ஏற்கெனவே சொல்லியனுப்பியிருந்தார். அந்த வீட்டுக்கு அது உரிய மரியாதை என்பது அவர் எண்ணம்.

"ஜன்னலைத் திறக்கலாமா ஐயா? புழுக்கமா இருக்கு."

"புழுக்கம் ஒண்ணும் பண்ணாது. வந்த வேலையைப் பாரும்மா."

அவள் ரெக்கார்டரை மேசைமேல் வைத்துவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். சமையலறையில் மருமகள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பெரியவர் நாற்காலியில் முதுகு படாமல் நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமினார்.

"அன்னிக்கு ஊர்ல மிஞ்சின ஒரே மாடி வீடு எங்களோடது. முப்பத்தொரு பேர் இங்க உயிர் பிழைச்சாங்க. வந்து நின்ன யாரையும் நாங்க திருப்பி அனுப்பலை."

அவள் கையை உயர்த்தினாள். "யாரோ கதவைத் தட்டுறாங்க ஐயா."

"எனக்குக் கேக்கலையே. எழுபத்தெட்டு வயசு எனக்கு. ஆனா காது இன்னும் கூர்மைதான், உனக்குத்தான் ஏதோ பிரமை."

அவள் சிரித்துக்கொண்டே மறுபடி பதிவுசெய்தாள். அதே வாக்கியம் வந்த இடத்தில் சிரிப்பு நின்றது. மூன்றாம் முறையும் அதே தட்டல். பதிவை ஓடவிட்டு, ஹெட்போனைக் கழற்றி அவரிடம் நீட்டினாள்.

பெரியவர் காதில் வைத்தார்.

முதலில் காற்று. ஊரையே வேரோடு பிடுங்கிய அந்தக் காற்று. அதற்குமேல் அவருடைய கணீர்க் குரல்: "யாரையும் நாங்க திருப்பி அனுப்பலை."

அப்புறம் தட்டல். விரல் முட்டியால் தட்டுவது அல்ல, ஈரமான உள்ளங்கையால் மரத்தில் அறைவது.

அந்தக் கை அவருக்குத் தெரியும்.

தங்கை பிடித்தவனோடு படியிறங்கிப் போனபோது, காய்ச்சலில் செத்துவிட்டாள் என்று ஊருக்குச் சொன்னவர் அவர்தான். துக்கம் விசாரிக்க வந்தவர்களை இதே கூடத்தில் உட்காரவைத்து அழவும் செய்தார். இரண்டு வருஷம் கழித்துப் புயலில், இடுப்பளவுத் தண்ணீரில், அவள் பின்வாசலுக்கு வந்தாள். மாடியில் முப்பத்தொரு பேர். அவர்களில் பாதிப்பேர் துக்கத்துக்கு வந்தவர்கள். செத்தவளை எப்படி உள்ளே விடுவது?

கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அவர் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். எதிரியைக்கூட 'போ' என்று சொல்லிப் பழகாத வீடு அது. நாக்கு பழக்கப்படியே புரண்டது.

"போயிட்டு வா."

ஹெட்போனில் காற்று சட்டென்று அடங்கியது. யாரோ காதோரம் மூச்சுவிட்டார்கள். சேற்று நாற்றம் மூக்கில் ஏறியது.

"அண்ணா," என்றது குரல். "போயிட்டு வந்துட்டேன்."

பெரியவர் ஹெட்போனை மேசையில் எறிந்தார்.

"அழி."

"ஐயா, அது யாரு..."

"கேள்வி கேக்காதே! அழின்னா அழி. இந்தக் குடும்பத்தைப் பத்தி ஒரு சொல் வெளியே போகக் கூடாது."

அவள் பொத்தானை அழுத்தினாள். "அழிச்சுட்டேன்."

ஆனால் ஹெட்போன் மேசைமேல் கிடந்தபடியே முணுமுணுத்துக்கொண்டிருந்தது. அவள் பிளக்கைப் பிடுங்கினாள்.

முணுமுணுப்பு நிற்கவில்லை.

அவள் பையை மட்டும் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். கதவை இழுத்தாள். கதவு அசையவில்லை. தாழ்ப்பாளைத் தூக்கினாள். அது பாசி பிடித்ததுபோல் வழுக்கியது.

சமையலறையில் பாத்திரச் சத்தம் எப்போது நின்றதென்று யாருக்கும் தெரியாது. மருமகள் முந்தானையில் கையைத் துடைத்தபடி கூடத்துக்கு வந்தாள்.

"ஏன் மாமா சத்தம் போடுறீங்க? அவங்க காதுல விழப்போகுது."

"யார் காதுல?"

"பின்வாசல்ல ஒரு அம்மா வந்து நின்னாங்க. இந்த வெயில்ல தொப்பலா நனைஞ்சு. பாவம், வாய்கூட நீலம் பாரிச்சிருக்கு. உள்ள கூப்பிட்டு மாடியில உக்கார வச்சேன்."

"யாரைக் கேட்டு உள்ள விட்டே?" அவர் குரல் கிசுகிசுப்பாக வந்தது.

மருமகள் விழித்தாள். "யாரைக் கேக்கணும்? வந்து நின்னவங்களைத் திருப்பி அனுப்புற வீடா இது? இப்பத்தானே நீங்களே அந்த மெஷின்ல சொல்லிட்டு இருந்தீங்க!"

மாடியில் நாற்காலி நகர்ந்தது.

"எல்லாக் கதவையும் தாழ் போடச் சொன்னாங்க மாமா. அண்ணன் பேசி முடிக்கற வரைக்கும் ஒருத்தரும் வெளிய போக வேண்டாமாம்."

'திற' என்று சொல்லப் பெரியவர் வாயைத் திறந்தார்.

சொல் வரவில்லை. வாய் நிறையத் தண்ணீர் வந்தது, கலங்கலாக, உப்புக் கரித்துக்கொண்டு.