மூன்றாவது முழங்கால் சில்லு

பத்தொன்பது மணித்தியாலத்துக்கு முன் நிலக்சி தன் கையாலேயே துடைத்துக் காயவைத்த தாழி, உள்ளே ஈரமாக இருந்தது.

கனடாவில், ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் நிலக்கீழ் அறையில் இருந்த சிறிய தொல்லியல் ஆய்வுகூடம் அது. ஞாயிறு மத்தியானம், வேறு யாரும் இல்லை. ஹீட்டர் ஊதிய வறண்ட காற்றுக்குள் புதுக்குழியின் மண்வாசம் மெல்ல மெல்ல ஏறிவந்தது. மேலே பனி வழிக்கும் வண்டி போனபோது நடுங்கிய, எலும்புகள் அடுக்கிய தட்டுகள், அது போய் வெகுநேரமாகியும் நடுங்கிக்கொண்டிருந்தன.

ஜப்பானில், இரண்டாயிரம் வருடங்களுக்கு முன், இரண்டு தாழிகளை வாயோடு வாய் வைத்து, பொருத்தில் பச்சைக் களிமண் அப்பி, அதற்குள் புதைக்கப்பட்ட சீமாட்டியின் எலும்புகள் அவை. வலக்கை நிறையச் சங்குக் காப்பு. சின்ன வயதில் ஏற்றியவை. வளர்ந்த பிறகு கழற்ற முடியாதவை. வேலையே செய்யாத கை.

போனில் பொறுப்பாளர் ஜூலியஸ். "ஆள் ஒண்டு எண்டு எழுதிப்போட்டு வீட்ட போம். நாளைக்குக் காட்சிக்குப் போகுது."

"முழங்கால் சில்லு மூண்டு கிடக்கு, அண்ணை. அதில ஒண்டு, முழங்காலில நிண்டு நிண்டு வேலை செய்து தேஞ்சது."

"வலக்கை ஒண்டுதானே? வலக்கையை வைச்சுத்தான் நாங்கள் ஆள் எண்ணுறனாங்கள். சீமாட்டிக்கு மூண்டு கால் எண்டு எழுதுவமே?" சிரித்தார். "உம்மட கொன்ட்ராக்டும் இந்த மாதம் முடியுது, என்ன."

ஒன்று என்று எழுதினால் அந்தச் சில்லு கழிவுப் பையோடு போய்விடும். அதற்குரியவள் இருந்ததாகவே இராது. தாழிகளின் பொருத்தை மூடியிருந்த களிமண் துண்டின் உட்புறத்தில் கண்டதை நிலக்சி அவரிடம் சொல்லவில்லை. போனை வைத்தாள். பேனாவை எடுத்தாள்.

சங்கோடு சங்கு உரசும் சத்தம்.

காப்புகள் இருந்த தட்டைப் பார்த்தாள். வெறுமை.

தாழிக்குள்ளிருந்துதான் சத்தம்.

அவளுடைய கழுத்து தானாகக் குனிந்தது. உச்சந்தலையில் குளிர்ந்த பாரம். தாழியின் வாயிலிருந்து ஒரு கை எழுந்தது. வெள்ளை. முழங்கைவரை காப்பு. உள்ளங்கை கீழ்நோக்கி அசைந்தது.

கீழே. இன்னும் கீழே.

ஒரு முழங்கால் தரையைத் தொட்டது. மேசையைப் பிடித்தாள். கூட்டங்களில் ஒருநாளும் வாய் திறக்காதவள். பிடித்து, எழுந்து, நிமிர்ந்து நின்றாள்.

"மாட்டன்."

கை நீண்டது. குளிர்ந்த சங்குக் காப்பொன்று அவளுடைய விரல்களைத் தாண்டி மணிக்கட்டில் இறுகியது. அவள் பின்வாங்கவில்லை. மற்றக் கையால் களிமண் துண்டைத் தூக்கிக் காட்டினாள். உட்புறத்தில் ஐந்து விரல்கள் கீறிய பள்ளம்.

"உள்ளுக்க ரெண்டு பேர்."

இருட்டிலிருந்து நகமில்லாத சின்ன விரல்கள் ஏறிவந்தன. காப்புகளைப் பற்றின. இழுத்தன. சங்கு நொறுங்கியது.

நிலக்சி குரலை உயர்த்தினாள்.

"சீமாட்டிக்குப் பணிவிடை செய்ய இவளை உயிரோட வைச்சுத்தான் பூசி மூடினவங்கள்."