பையை விடாத மொனிகா

"ஆஆஆ...!"

பலேர்மோ ரயில் நிலைய வாசலே திரும்பிப் பார்த்தது.

அலறியது பையைப் பறிகொடுத்தவள் அல்ல.

பறிக்க வந்தவன்!

ஸ்கூட்டரில் வந்து மொனிகாவின் கைப்பையை இழுத்தவன், இப்போது ஓரமாக நின்ற காலிப் பேருந்தின் கூரைமேல் கிடந்தான். ஸ்கூட்டர் ரோட்டில். பை...? மொனிகாவின் கையில்!

இலங்கையின் மன்னாரிலிருந்து வந்து மூன்று வீடுகளில் தரை துடைப்பவள் மொனிகா. வயது முப்பத்திரண்டு. எடை நாற்பத்தாறு கிலோ, செருப்போடு சேர்த்து.

"எடி, என்னடி செய்தனி?" கணவனின் அக்கா யோசப்பின் ஓடிவந்தாள்.

"நான் ஒண்டும் செய்யேல்லை மச்சாள். அவன் இழுத்தான்... நானும் இழுத்தன். உள்ளுக்கை பெர்மெஸ்ஸோ கடுதாசியெல்லோ கிடக்கு!"

பெர்மெஸ்ஸோ! இத்தாலியில் தங்குவதற்கான அனுமதி. புதுப்பிக்க அன்றுதான் கடைசி நாள். பன்னிரண்டு மணிக்குள் குவெஸ்தூரா என்ற போலீஸ் தலைமையகத்தில் நிற்காவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். அது 1995; ஊரில் நடந்ததோ போர்!

மணி பதினொன்றேகால்.

நோட்டுப் புத்தகத்தோடு ஒரு போலீஸ்காரர் வந்தார். தொப்பை முதலில், அவர் பின்னால்.

"இவனைத் தூக்கி எறிந்தது யார், சிஞ்ஞோரா?"

"நான்தான்" என்றாள், தெரிந்த இத்தாலிய மொழியில்.

"நீங்களா? ஹ! கூட்டாளி எங்கே? சாயங்காலம் வரை ஸ்டேஷனில் உட்கார்ந்து யோசியுங்கள்!"

மொனிகாவின் கண்கள் கலங்கின.

அப்போது...

கூரையில் கிடந்தவனைப் பார்க்கும் ஆசையில் பேருந்து டிரைவர் கீழே குதித்தார். பிரேக் போட மறந்து!

பேருந்து உருண்டது. நேராகப் போலீஸ்காரரின் முதுகை நோக்கி!

மொனிகா யோசிக்கவில்லை. பாய்ந்தாள். கையை நீட்டினாள். ஒரே ஒரு கை... மற்றதில் பை!

'ட்டங்...!'

பேருந்து நின்றது. தகரத்தில் ஐந்து விரல்களும் பதிந்திருந்தன.

போலீஸ்காரர் திரும்பினார். பேருந்தைப் பார்த்தார். கையைப் பார்த்தார். எழுதியதைக் கிழித்தார்.

"இன்று சிரோக்கோ காற்று பலம்" என்று புதிதாக எழுதினார். ஒரு இலைகூட அசையவில்லை. "அவனைக் காற்றுதான் தூக்கி எறிந்தது. நீங்கள் போகலாம், சிஞ்ஞோரா. தயவுசெய்து... யாருக்கும் கை மட்டும் கொடுக்காதீர்கள்!"

மொனிகா யோசப்பினோடு குவெஸ்தூராவுக்கு விரைந்தாள்.

"மச்சாள்... பயமாக் கிடக்கு. எனக்கு என்ன நடந்தது?"

யோசப்பின் அவளைத் தூண் மறைவுக்கு இழுத்தாள். சுற்றும் முற்றும் பார்த்தாள்.

"பயப்பிடாதை. எனக்கும் போன ஞாயிறிலையிருந்து இப்பிடித்தான்! மாதா கோயில் கதவைத் திறந்தன்... கதவு கையோட வந்திட்டுது!"

மொனிகாவின் பயம் பறந்தது. கோபம் வந்தது.

"அப்ப நேற்று இருபது கிலோ அரிசி மூட்டையை என்னைக் கொண்டு ஏன் நாலாம் மாடிக்குத் தூக்குவிச்சனீங்கள்?"

"உஷ்! பலம் இருக்கெண்டு வீட்டிலை தெரிஞ்சா, பிறகு எல்லா மூட்டையும் எங்கட தலையிலையடி!"