காயாத கறுப்பு

மூன்றாவது தாளின் கறுப்பு காயவேயில்லை. இரண்டு மணிக்குப் பிரிண்டரிலிருந்து எடுத்தது, நாலு மணிக்கும் மதுசூதனனின் விரலில் ஒட்டியது. பண்டாரவளையில் ஈரத்துக்குப் பஞ்சமா என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். கதவிடுக்கால் மூடுபனி புகுந்து, அவரது போட்டோ ஸ்டூடியோ முழுக்க முகப்பவுடரும் மையும் கலந்து மணத்தது.

வெளி வாங்குப் பலகையில் பூனாகலைத் தேயிலைத் தோட்டத்துக் கருப்பம்மா காத்திருந்தாள். மகள் சுபாஜினியின் பழைய படத்தைப் பெரிதாக்கக் கேட்டு வந்தவள். முதல் தாளில் முகம் சாம்பலாக வந்தது. வண்ண மைகளைக் கலந்து கறுப்பாக்கிய இரண்டாவதில் பச்சை தட்டியது. இரண்டையும் திருப்பித் தந்தாள்.

"என் மக கருப்பிங்க. அப்படியே போட்டுக் குடுங்க," என்றாள்.

அந்தச் சொல் அவரைச் சுட்டது. தொண்ணூற்றாறில், அடையாள அட்டைக்குப் படமெடுக்க வந்த அந்தப் பிள்ளைக்குப் பவுடர் அப்பி, படத்திலும் வெளுக்க வைத்தவர் அவர்தான். தோட்டத்துச் சனத்துக்கு வெள்ளை முகம் கொடுப்பது பெரிய புண்ணியம் என்ற நினைப்பு. கொழும்புக்கு வேலைக்குப் போன வழியில், அட்டையில் இருப்பது நீ இல்லை என்று சொல்லி, சோதனைச் சாவடியில் ராணுவத்தினர் அவளை பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். அதோடு சரி. ஆள் திரும்பவில்லை.

இந்த ஒரு படத்தையாவது ஒழுங்காகக் கொடுக்காவிட்டால், இனி அந்தத் தாயின் முகத்தில் எப்படி விழிப்பது?

காயாத மூன்றாவதை ஒதுக்கிவிட்டு, பத்திரமாக எடுத்து வைத்திருந்த தடித்த தாளை நாலாவதாகச் செருகி, கறுப்பு மையை மட்டும் விட்டார். பிரிண்டர் இழுத்து இழுத்துத் தேய்க்க, கூந்தல் வந்தது, நெற்றி வந்தது. இத்தனை ஆழமான கறுப்பை அவர் கண்டதேயில்லை. மை தீர்ந்ததென்று சிவப்பு விளக்கு எரிந்தது.

பிரிண்டர் நிற்கவில்லை.

மை எங்கிருந்து வருகிறது?

நிமிர்ந்தார். சுவரில் கல்யாணப் படங்கள். மாப்பிள்ளையின் தலை நரைத்திருந்தது. பெண்ணுக்குப் புருவமில்லை. குழந்தைக்குக் கண்மணியில்லை. ஒவ்வொரு இழுப்புக்கும் இன்னொரு படம் வெளுத்தது. வயரைப் பிடுங்கினார். சத்தம் நிற்கவில்லை. சுவரில் வெளுக்க இனி எதுவுமில்லை.

கருப்பம்மா உள்ளே வந்தாள். தாளில் உயிரோடு பார்த்துக்கொண்டிருந்த முகத்தைக் கண்டு அழுதாள்.

"இவதாங்க. இவதான் என் மக."

பிறகு அவர் பக்கம் திரும்பினாள். இரண்டடி பின்வாங்கினாள்.

"நீங்க... யாருங்க?"

"நான்தான் அம்மா, மதுசூதனன்."

இல்லை என்று தலையாட்டினாள்.

பவுடர் டப்பாவுக்கு மேலே கண்ணாடி. பார்த்தார். தலை வெள்ளை. புருவம் வெள்ளை. இரண்டு கண்ணும் வெறும் வெள்ளை. பின்னால் பிரிண்டர் இன்னும் இழுத்துக்கொண்டிருந்தது.